பரங்கிமலையும் ஆலந்தூரும்: ஒரு தொகுதியின் கதை

சென்னை விமான நிலையத்திலிருந்து கிண்டிக்கு வருபவர்கள் வழியில் ஒரு சின்ன மலையைப் பார்த்திருப்பார்கள். சுமார் 300 அடி உயரம்தான். அதுதான் பரங்கிமலை. புனித தோமையாரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இந்த மலை, ஒரு காலத்தில் சட்டமன்றத் தொகுதியின் பெயராகவும் இருந்தது. தமிழக அரசியலையே திருப்பிப் போட்ட தொகுதி அது!

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை அவரது ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர். ராதா சுட்டார். அடுத்த மாதமே தேர்தல். பரங்கிமலையில் தி.மு.க. வேட்பாளர் எம்.ஜி.ஆர்தான். ஓட்டுக் கேட்டு அவரால் தெருவுக்கு வர முடியவில்லை. கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் அவரது படம்தான் சுவரொட்டியாக ஊரெங்கும் போனது. காங்கிரஸ் வேட்பாளர் டி.எல். ரகுபதியை அவர் எளிதாக வென்றார். 1971-லும் அதே தொகுதி, அதே வெற்றி.

1972-ல் எம்.ஜி.ஆர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1977 தேர்தலில் பரங்கிமலை என்ற தொகுதியே இல்லை. எல்லைகள் மாற்றப்பட்டு ஆலந்தூர் தொகுதி வந்திருந்தது. எம்.ஜி.ஆரும் அருப்புக்கோட்டைக்குப் போய் அங்கே வென்று முதல்வரானார்.

நட்சத்திரம் போன பிறகு ஆலந்தூர் என்ன செய்தது? இங்குதான் சுவாரஸ்யம். 1989-ல் தி.மு.க., 1991-ல் அ.தி.மு.க., 1996-ல் தி.மு.க., 2001-ல் அ.தி.மு.க.வின் பா. வளர்மதி, 2006-ல் தி.மு.க.வின் தா.மோ. அன்பரசன், 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற தே.மு.தி.க.வின் பண்ருட்டி ராமச்சந்திரன். தொடர்ந்து ஆறு பொதுத்தேர்தல்களில் கோட்டையை எந்த அணி பிடித்ததோ, ஆலந்தூரையும் அந்த அணியே பிடித்தது.

அப்படியென்றால் ஊருக்குள் நடந்த வேலைகளுக்கு ஓட்டில் மதிப்பே இல்லையா?

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஆலந்தூர் நகராட்சியில் பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். 1996-ல் நகராட்சித் தலைவரான தி.மு.க.வின் ஆர்.எஸ். பாரதி காலத்தில், குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வீதம் மக்களிடமே முன்பணம் வாங்கி, கடனும் திரட்டி, தனியாரையும் சேர்த்துக்கொண்டு அந்தத் திட்டம் நிறைவேறியது. நகராட்சி நிதி பற்றிப் படிப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் முயற்சி அது. 2014-ல் ஆலந்தூருக்கு இடைத்தேர்தல் வந்தபோது தி.மு.க. நிறுத்தியது அதே பாரதியைத்தான். நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்ந்து நடந்த அந்தத் தேர்தலில், 39-ல் 37 இடங்களை அள்ளிய அ.தி.மு.க. அலை ஆலந்தூரிலும் அடித்தது. பாரதி தோற்றார்.

அடுத்து மெட்ரோ ரயில். 2015 ஜூன் 29 அன்று சென்னையின் முதல் மெட்ரோ கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையேதான் ஓடியது. ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. ஆனால் 2016-ல் ஆலந்தூரில் வென்றது தி.மு.க.வின் அன்பரசன்! தோற்றவர் யார் தெரியுமா? 2011-ல் முரசு சின்னத்தில் வென்ற அதே பண்ருட்டி ராமச்சந்திரன். இம்முறை இரட்டை இலையில் நின்றார். கோட்டை அ.தி.மு.க.விடமே இருந்ததால், தொகுதியின் பழைய கணக்கும் உடைந்தது.

இடையில் நடந்தது 2015 டிசம்பர் வெள்ளம். அடையாற்றங்கரையில் நந்தம்பாக்கம், மணப்பாக்கம், முகலிவாக்கம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சென்னையில் ஆளுங்கட்சி சறுக்கியதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம் என்றே பலரும் கருதினார்கள்.

2021-ல் ஆலந்தூரும் கோட்டையும் மறுபடி ஒரே பக்கம் வந்தன. அன்பரசன் வளர்மதியை வென்றார், தி.மு.க. ஆட்சி அமைத்தது.

சாக்கடை போட்டவர் தோற்றார். ரயில் விட்ட கட்சியும் தோற்றது. வீட்டுக்குள் வந்த வெள்ளம் மட்டும் ஓட்டுப் பெட்டி வரை நினைவில் இருந்திருக்கிறது. தீமைக்குத் தண்டனை கொடுப்பது வாக்காளரின் உரிமைதான். ஆனால் நல்ல வேலைக்குக் கூலியே கிடைக்காது என்றால், அடுத்த நகராட்சித் தலைவர் எதற்காக மண்ணுக்கடியில் குழாய் பதிக்க வேண்டும்?