நீர் வடிகட்டலில் கரியின் இடம்: தூத்துக்குடியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கொல்லையில் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவர்கள், தண்ணீர் கலங்கினாலும் நாறினாலும் முதலில் தேடுவது ஆக்டிவேட்டட் கார்பனைத்தான். பாடநூல்கள் செயலூட்டப்பட்ட கரி என்று சொல்லும் இப்பொருள், நம்மூர்ச் சந்தையில் பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வருகிறது. கரி போட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டின் மிச்சம். அதன்பின் வந்த அறிவியல், நீரைக் காக்கும் பெரும்பொறுப்பை நுண்ணுயிர்களிடம் கொடுத்துவிட்டுக் கரியை வடிகட்டியின் கடைசி அறைக்கு நகர்த்திவிட்டது. தூத்துக்குடிக் கரையின் முத்துச் சிப்பி வரலாற்றோடு சேர்த்து அந்த நகர்வைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரி பெற்ற பெயர்

கரி வாயுக்களை ஈர்த்து வைத்துக்கொள்ளும் என்பதை 1773இல் வேதியியலாளர் ஷீலே பதிவு செய்தார். கரைசல்களின் நிறத்தை அது எடுத்துவிடும் என்பதை 1785இல் இன்னொரு வேதியியலாளரான லோவிட்ஸ் கண்டார். சர்க்கரைப் பாகை வெளுக்க ஐரோப்பிய ஆலைகள் கரியை எடுத்துக்கொண்டன. குடிநீருக்கும் அது வந்தது. மணல், கரி, கூழாங்கல் என்று பானைகளை அடுக்கி நீர் வடிக்கும் முறை இந்தியாவிலும் பரவிப் பள்ளிப் பாடம் வரை வந்து சேர்ந்தது.

அந்த நம்பிக்கையில் விரிசல் விழுந்தது 1894இல். உட்ஹெட், வுட் ஆகிய இருவரும் அன்றைய வீட்டு வடிகட்டிகளைச் சோதித்து, பெரும்பாலானவை நோய்க்கிருமிகளைத் தடுக்கவில்லை என்று காட்டினார்கள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் நீர் நல்ல நீர் ஆகிவிடாது என்பது அப்போது உறுதிப்பட்டது.

கரியோ வேறு வழியில் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்ட்ரெய்கோ பெற்ற காப்புரிமைகள், நீராவியால் கரிக்குள் நுண்துளைகளைத் திறக்கும் முறைக்கு வழி வகுத்தன. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குச் சிரட்டைக் கரி தேவைப்பட்டது. 1930இல் அமெரிக்காவின் பே சிட்டியில் குடிநீரின் வாடையையும் கெட்ட சுவையையும் நீக்கக் குறுணைக் கரிப் படுகை அமைத்தார்கள். கிருமியை ஒழிப்பது குளோரினின் வேலை, வாடையை நீக்குவது கரியின் வேலை என்ற பங்கீடு இப்படித்தான் நிலைபெற்றது.

சலாபத்திலிருந்து பொரிப்பகத்துக்கு

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புகளில், நீர் காக்கப்படவில்லை. பார்கள் எனப்படும் கடலடிச் சிப்பித் திட்டுகளில் மூழ்கி எடுத்த சிப்பிகளைக் கரையிலுள்ள கொட்டுகள் என்னும் அடைப்புகளில் குவித்து, நாள்கணக்கில் அழுகவிட்டு, ஈப்புழுக்கள் சதையைத் தின்றபின் கழுவி முத்தைப் பொறுக்கினார்கள். அழுகல்தான் அத்தொழிலின் கருவி.

1961இல் நடந்த சலாபமே தூத்துக்குடிப் பகுதியின் கடைசிச் சலாபம். 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி குழு, வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. 1981இல் அதே நிறுவனம் தூத்துக்குடியில் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கியது. முட்டையிலிருந்து வந்த இளம்உயிரி ஏறத்தாழ மூன்று வாரம் மிதந்து திரிந்து, நுண்பாசியைத் தின்று வளர்ந்த பின்னரே ஒட்டிக்கொள்கிறது. அந்த மூன்று வாரமும் நீர் கெடக்கூடாது. அழுகலால் முத்தெடுத்த கரையில், அழுகலைத் தடுப்பதே தொழில்நுட்பம் ஆனது.

பொரிப்பகங்களில் கடல்நீரைத் தெளியவிட்டு மணற்படுகையில் வடிப்பது வழக்கம். அழுக்கைத் தடுப்பதோடு மணல் நிற்பதில்லை; மணிகளின்மேல் பாக்டீரியாவும் குடியேறுகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் இவ்வகை நுண்ணுயிர்களை நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி 1890களின் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டியிருந்தார். 1970இல் வெளியான ஸ்டீபன் ஸ்பாட்டின் நூல், மீன்வளர்ப்பு நீரின் பராமரிப்பை உயிரியல், இயந்திர, வேதி வடிகட்டல்கள் என்று பகுத்து விளக்கியது. அப்பகுப்பில் கரி வேதி வடிகட்டலில் சேர்ந்தது.

கொல்லைத் தொட்டியில் கரி

மீனின் செவுள் வழியாக வெளியேறும் அம்மோனியாவே தொட்டியின் முதல் எதிரி. கரி அதைக் குறிப்பிடத்தக்க அளவில் பிடிப்பதில்லை. கரிமச் சேர்மங்கள், மஞ்சள் நிறம், வாடை, மெத்திலீன் நீலம் போன்ற மருந்துகள் ஆகியவற்றைப் பரப்புக் கவர்ச்சியால் பற்றிக்கொள்ளும். குளோரினை வேதிவினையால் முறிக்கும். ஆகவே நோய்க்கு மருந்து ஊற்றுமுன் கரியை எடுத்துவிட வேண்டும், மருந்துக்காலம் முடிந்தபின் மிச்சத்தை எடுக்கத் திரும்பப் போட வேண்டும்.

தூத்துக்குடிக்கு இதில் தனிப்பாடம் உண்டு. குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்தபோது 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் ஊருக்கு வந்தது. குளோரின் கலந்த குழாய்நீரைத் தொட்டியில் விடுபவருக்குக் கரி உதவும். உவர்க் கிணற்றுநீரை விடுபவருக்கு உதவாது. உப்பையும் கடினத்தன்மையையும் கரி தொடுவதில்லை.

புதுக் கரியைத் தண்ணீரில் போட்டால் சீறும்; துளைகளில் அடைபட்ட காற்று சிறு குமிழிகளாக வெளியேறும் ஓசை அது. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுரமீட்டர். இவ்வளவு பரப்பும் கரிமக் கழிவு மிகுந்த தொட்டியில் சில வாரங்களில் நிரம்பிவிடும். வெயிலில் காயவைத்தால் அது உயிர்பெறாது. துளைகளை மறுபடி திறக்க ஆலை உலையின் 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். நிரம்பிய கரியும் முற்றிலும் வீணல்ல. அதன்மேல் பாக்டீரியா படிந்துவிட்டால் மணலைப்போல உயிரியல் படுகையாக நிற்கும்.

முடிவுரை

காங்கேயம் போன்ற கொப்பரைப் பகுதிகளில் சேரும் சிரட்டை கரியாகி, ஆலையில் செயலூட்டப்பட்டு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவும் அயல்நாட்டுக் குடிநீர் வடிகட்டிகளுக்குப் போகிறது. அதன் மதிப்பு, எந்த வேலைக்கு என்று தெரிந்து வாங்குவதில் இருக்கிறது. கொல்லைத் தொட்டி வைப்பவரும் வரலாறு காட்டும் வரிசையையே பின்பற்றலாம்: குப்பையைத் தடுக்கும் பஞ்சு முதலில், நுண்ணுயிர் குடியேறும் கல்படுகை நடுவில், கரி கடைசியில். காசு குறைவென்றால் கரியை விட்டுவிடலாம். நடுப்படுகையை விட்டால் மீன் பிழைக்காது.