பாடிக்கு வந்த டெமிங் பரிசு

செம்பரம்பாக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு நிர்வாகவியல் வரலாறு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை, ஹூண்டாய் தொழிற்சாலை. எதிர்த்திசையில் பூந்தமல்லி தாண்டி அம்பத்தூர் பக்கம் போனால் பாடி. இரண்டு இடத்துக்கும் 1998 முக்கியமான வருஷம். ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது அந்த வருஷம்தான். பாடியில் சுந்தரம் க்ளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவுக்கு ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்ததும் அதே வருஷம். இந்தியக் கம்பெனி ஒன்று அதை வாங்கியது அதுவே முதல்முறை. சான்ட்ரோ கதை எல்லாருக்கும் தெரியும். இந்தக் குறிப்பு மற்றதைப் பற்றி.

நிர்வாகவியல் பாடநூலைத் திறந்தால் முதலில் வருபவர் ஃப்ரெடரிக் டெய்லர். அவருடைய 'அறிவியல் மேலாண்மை' புத்தகம் 1911-ல் வந்தது. (டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொழில் தொடங்கியதும் 1911-தான். வெறும் தற்செயல், ஆனா எனக்குப் பிடித்த தற்செயல்.) ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொரு அசைவையும் அளந்து, சிறந்த முறையை மேலாளர் தீர்மானிப்பார், தொழிலாளி அதன்படி செய்வார். அடுத்து பிரான்ஸின் ஹென்றி ஃபயோல், 1916. திட்டமிடு, ஒழுங்குபடுத்து, ஆணையிடு, ஒருங்கிணை, கட்டுப்படுத்து. பி.இ. படிக்கும்போது இந்த ஐந்தையும் மனப்பாடம் பண்ணித்தான் எழுதினோம்.

உற்பத்தியான பொருளில் குறை வந்தா அது யாருடைய தப்பு? இதற்கு வேறு மாதிரி பதில் சொல்ல வழி திறந்தவர், பெல் தொலைபேசிக் குழுமத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட். 1924-ல் அவர் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம், இயல்பாகவே வரும் ஏற்ற இறக்கத்தையும் தனிக் காரணத்தால் வரும் கோளாறையும் பிரித்துக் காட்டியது. அவரிடம் கற்றுக்கொண்ட எட்வர்ட்ஸ் டெமிங், அதை விளக்க ஒரு விளையாட்டு வைத்திருந்தார்.

ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. கூட்டத்திலிருந்து ஆறு பேர் 'தொழிலாளிகளாக' வரவேண்டும். 50 குழி உள்ள ஒரு கரண்டியைப் பெட்டிக்குள் விட்டு அள்ளணும். வெள்ளைதான் நல்ல சரக்கு, சிவப்பு வந்தால் குறை. ஒருத்தருக்கு 6 சிவப்பு வரும், இன்னொருத்தருக்கு 14. மேஸ்திரி வேஷத்தில் நிற்கும் டெமிங் முதல் ஆளைப் பாராட்டுவார், அடுத்த ஆளை எச்சரிப்பார். அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கினவருக்கே சிவப்பு கூடிவிடும். கடைசியில் பாதிப் பேருக்கு வேலை போகும். கணக்குப் போட்டுப் பாருங்க: ஐந்தில் ஒரு மணி சிவப்பு, அதனால் யார் அள்ளினாலும் பத்துக்கு அக்கம்பக்கம்தான் வரும். பெட்டியில் சிவப்பு மணியைப் போட்டு வைத்தது தொழிலாளி இல்லையே!

'இந்த பக் யார் போட்டது?' என்று விசாரிக்கிற மீட்டிங்குகளில் இருபது வருஷம் உட்கார்ந்திருக்கிற எனக்கு, இந்த விளையாட்டு சிரிப்பை வரவழைக்கவில்லை.

ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் 1950-ல் டெமிங்கை அழைத்தது. அவர் பொறியாளர்களுக்கு மட்டுமல்ல, பெரிய கம்பெனித் தலைவர்களுக்கும் தனியாகப் பாடம் எடுத்தார். மறுவருஷமே அவர் பெயரில் பரிசு. ஆனால் டெமிங்கின் குருவான ஷூஹார்ட், மஹலனோபிஸ் அழைப்பில் 1947-48-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டார்! அதாவது விஷயம் நமக்குத்தான் முதலில் வந்தது. பரிசு கிடைக்க ஐம்பது வருஷம். ஏன்? என் கணிப்பு இது: இங்கே அது புள்ளியியலாளர்களின் துறையாகவே நின்றுவிட்டது. போட்டியில்லாத லைசென்ஸ் காலத்தில் முதலாளிக்கு அது தேவைப்படவும் இல்லை. பொருள் எப்படி இருந்தாலும் வாங்க ஆள் வரிசையில் நின்றார்கள்.

சுந்தரம் க்ளேட்டன் 1962-ல் பிரிட்டிஷ் கூட்டுடன் தொடங்கியது. லாரி, பஸ்ஸுக்கான ஏர் பிரேக். 1979-ல் வேணு சீனிவாசன் நிர்வாகத்துக்கு வந்தார். ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு ட்சுடா வழிகாட்டினார். டெமிங் பரிசு ஒரே ஒருவர் ஜெயிக்கிற பந்தயம் கிடையாது. தரத்தை எட்டிய எல்லாருக்கும் உண்டு. நடுவர்கள் ஆலைக்கே வந்து பார்ப்பார்கள், மேல்மட்ட நிர்வாகத்தையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஃபயோலின் 'கட்டுப்படுத்து' மேலிருந்து கீழே போகும், இங்கே பரீட்சை எழுதுவது முதலாளியும்தான்.

அதற்கப்புறம் அது ஒரு தொற்று மாதிரி பரவியது. 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-ல் டி.வி.எஸ். மோட்டார், 2003-ல் ரானே பிரேக் லைனிங்ஸ். முதல் பரிசு வாங்கிய பிரேக் பிரிவு பிறகு வாப்கோவாகி, இப்போது ஜெர்மனியின் இசட்.எஃப். கையில் இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. இந்த முறை ஓடணும்னா, குறையைக் கண்டுபிடித்துச் சொல்கிற தொழிலாளி அடுத்த வருஷமும் அதே மெஷினில் நிற்கணும். எங்க ஊர் வழியாக விடிகாலையில் போகிற கம்பெனி பஸ்களில் ஒப்பந்தத் தொழிலாளிகளும் அப்ரெண்டிஸ்களும் நிறைய. பெட்டிக்குள் சிவப்பு மணி இருப்பது அவங்களுக்குத் தெரிவதற்குள் காலம் முடிந்து, கரண்டி அடுத்த பையன் கைக்குப் போய்விடுகிறது.