ஒரே சொடுக்கில் விலகும் பொத்தான் பிறந்த கதை

ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் ஏற்றுமதிப் பிரிவு மெயிலில்தான் வாழ்கிறது. சாம்பிள் ஒப்புதல், புரோஃபார்மா இன்வாய்ஸ், எல்.சி. திருத்தம், ஷிப்மென்ட் தேதி எல்லாமே மெயில். மிலனிலோ சென்னையிலோ தோல் கண்காட்சி நெருங்கினால், 'எங்கள் ஸ்டாலுக்கு வாருங்கள்' என்று ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு ஒரே கடிதம் பறக்கும். விலைக்கு வாங்கிய பட்டியலாக இருந்தால், அனுப்புகிறவர் யாரென்றே பலருக்குத் தெரியாது. அவர்கள் 'ஸ்பேம்' என்று அழுத்த அழுத்த, அதே டொமைனிலிருந்து போகும் இன்வாய்ஸும் பழைய பையரின் ஸ்பேம் பெட்டியில் விழ ஆரம்பிக்கும். பணம் வரவில்லையே என்று போன் போட்டுக் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

கேட்காமலே வரும் மெயில் என்ற இந்தத் தொல்லையின் வயது 45-ஐத் தாண்டிவிட்டது. 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் கேரி துர்க், புதிய கணினிகளின் செயல்விளக்கத்துக்கு அழைத்து, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட டைரக்டரியிலிருந்து எடுத்தவை. பெறுநர் கட்டத்தில் இடம் போதாமல் மிச்ச முகவரிகள் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. கண்டனம் வந்தது, ஆனால் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல, பெற்றவர் கையில் எந்தக் கருவியும் இல்லை.

அந்தக் கருவியின் முதல் வடிவம் 1998-இல் வந்தது. கிராண்ட் நியூஃபெல்டும் ஜோஷுவா பேரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 2369 என்ற இணையத் தர ஆவணம், கடிதத்தின் கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் பகுதியில் 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்' என்ற வரியைச் சேர்த்தது. விலகும் வழி எது என்பதை மெயில் மென்பொருளே படித்துக் காட்டலாம். நல்ல யோசனைதான். ஆனால் இணைப்பைத் திறந்தால் சிலர் பாஸ்வேர்டு கேட்டார்கள், சிலர் காரணம் கேட்டார்கள். அலுத்துப்போனவருக்கு ஸ்பேம் பொத்தானே சுலபம்.

சரி, இணைப்பைத் திறந்ததுமே பெயரை நீக்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள், வைரஸ் இருக்கிறதா என்று கடிதத்திலுள்ள இணைப்புகளைத் தாமே திறந்து பார்க்கும். கடிதத்தை விரும்பிப் படிக்கும் ஒருவர், தமக்கே தெரியாமல் பட்டியலிலிருந்து காணாமல் போவார். ஜான் லெவினும் டோபியாஸ் ஹெர்குலாவும் 2017 ஜனவரியில் எழுதிய ஆர்.எஃப்.சி. 8058 இதை அழகாகத் தீர்த்தது. இணைப்பைச் சும்மா திறந்தால் எதுவும் நடக்காது. 'ஒரே சொடுக்கு' என்ற குறிப்போடு மெயில் சேவையே ஒரு கோரிக்கையை அனுப்பினால்தான் பெயர் நீங்கும். அந்த வரிகளை நடுவில் யாரும் மாற்றாதபடி டி.கே.ஐ.எம். என்ற டிஜிட்டல் கையெழுத்தும் கட்டாயம். இன்று ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் இதை விதியாக்கின. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் கடிதம் அனுப்புகிறவர் தம் விளம்பரக் கடிதங்களில் இந்தப் பொத்தானுக்கு வழி வைக்க வேண்டும். விலகியவரை 2 நாளுக்குள் நீக்க வேண்டும். ஆம்பூரில் அவ்வளவு அனுப்பும் கம்பெனிகள் குறைவு. ஆனால் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்ற கூகுளின் வரம்பு சிறியவர்களுக்கும் உண்டு. ஆயிரம் இன்பாக்ஸுக்கு மூன்றே மூன்று பேர்!

மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது, பாலாற்றில் கழிவு கலந்த தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில். மெயிலுக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆயிரம் கடிதம் அனுப்ப அனுப்புகிறவருக்குப் பெரிய செலவில்லை. பிரித்துத் தள்ளும் வேலை முழுக்க அடுத்தவர் தலையில். அந்தப் பாரத்தில் ஒரு பங்கை அனுப்புகிறவரிடமே இந்தப் பொத்தான் திருப்பித் தருகிறது.

விலகிய பையரை, கண்காட்சியில் கிடைத்த இன்னொரு விசிட்டிங் கார்டைக் காட்டி மறுபடி பட்டியலில் சேர்ப்பதை என்னால் ஏற்கவே முடியாது. விளம்பரத்துக்குத் தனியாக ஒரு துணை டொமைனை வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு மட்டும் அனுப்பலாம். விளம்பரம் வேண்டாம் என்று விலகியவருக்கும் அவருடைய ஆர்டர், ஷிப்மென்ட் கடிதங்கள் வழக்கம்போலப் போகும்; அவற்றுக்கு இந்தப் பொத்தான் தேவையில்லை.