அறுபத்தாறு வயதில் ஒரு கலாநிதிப் பட்டம்

கலாநிதிப் பட்டம் என்றதும், இளமையும் ஓய்வும் புலமைப்பரிசிலும் வாய்க்கப்பெற்ற ஒருவரின் உருவமே நம் மனக்கண்ணில் தோன்றும். பகலெல்லாம் வகுப்பறையில் நின்றுவிட்டு, இரவில் விளக்கடியில் ஆய்வேடு எழுதும் ஆசிரியரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அடிமையாகப் பிறந்த ஆசிரியை ஒருவர், அறுபத்தாறு வயதில், பிரெஞ்சு வரலாற்றை ஆய்ந்து பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலாநிதியான கதையை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் அன்னா ஜூலியா கூப்பர்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலி நகரில், 1858ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை என்பதே அன்றைய சட்டம். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்த பின்னரே அவருக்குப் பாடசாலை வாசல் திறந்தது. இருபத்தொரு வயதில் கணவனை இழந்தார். ஒபர்லின் கல்லூரியிலே 1884இல் பட்டமும், 1887இல் கணிதத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். வாஷிங்டனில் கறுப்பின மாணவருக்கான உயர்தரப் பாடசாலையொன்றில் ஆசிரியையாகி, 1902இல் அதன் அதிபருமானார். தம் மாணவர்கள் கைத்தொழில் மட்டுமன்றி இலத்தீனும் இலக்கியமும் கற்றுப் பல்கலைக்கழகம் புகவேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1906இல் அதிபர் பதவி போயிற்று. நான்கு ஆண்டுகளின் பின் அதே பாடசாலைக்கு இலத்தீன் ஆசிரியையாக மீண்டார்.

இந்தக் காலத்திலேதான் பிரெஞ்சுக் கல்வி அவரை முழுமையாக ஆட்கொண்டது. 1911 முதல் 1913 வரை கோடை விடுமுறைகளிலே பாரிஸ் சென்று படித்தார். 1914இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். சார்ளிமேன் மன்னனின் யாத்திரை பற்றிய பழம்பிரெஞ்சுக் காவியத்தைத் தற்காலப் பிரெஞ்சில் பெயர்த்துப் பதிப்பிக்கும் பணியை மேற்கொண்டார். ஆனால் 1915இல் தாயை இழந்த ஐந்து பிள்ளைகளை, தம் சகோதரரின் பேரப்பிள்ளைகளை, வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். கொலம்பியாவிலோ ஓராண்டு தங்கிப் படித்தாகவேண்டும் என்பது விதி. பிள்ளைகளையும் வேலையையும் விட்டு எங்ஙனம் தங்குவது? ஆய்வு தடைப்பட்டது, ஆசை தடைப்படவில்லை.

தாம் பெற்ற தகுதிகளைப் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டார். அங்கே புதிய ஆய்வேடு வேண்டியிருந்தது. 1924இல் விடுப்பெடுத்துப் பாரிஸ் சென்று சுவடிக் காப்பகங்களில் ஆய்வு செய்துகொண்டிருக்கையில், அறுபது நாளுக்குள் திரும்பாவிடின் வேலை பறிபோகும் என்ற செய்தி தந்தியில் வந்தது. திரும்பினார். எஞ்சிய ஆய்வை வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தில் தொடர்ந்து, பிரெஞ்சு மொழியிலேயே ஆய்வேட்டை எழுதி முடித்தார்.

அந்த ஆய்வேட்டின் பொருள், புரட்சிக்காலப் பிரான்ஸ் அடிமை முறையை எவ்வாறு நோக்கியது என்பதாகும். 1789இல் மனித உரிமைப் பிரகடனம், மனிதர் யாவரும் சுதந்திரராகவும் சமமானவராகவும் பிறக்கின்றனர் என முழங்கிற்று. அதே வேளை சான் தொமிங் என்னும் பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டிலே ஏறத்தாழ ஐந்து லட்சம் அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் உழன்றனர். அவர்கள் மனிதரில்லையா? பாரிஸின் சபையில் இக்கேள்வியைத் தோட்டச் சொந்தக்காரரின் செல்வாக்கு அமுக்கிக்கொண்டேயிருந்தது. 1791 ஓகஸ்டில் அடிமைகளே கிளர்ந்தெழுந்தனர். 1794 பெப்ரவரியிலே பாரிஸ் அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதனை மீட்டுக்கொண்டான். 1804இல் ஹெயிட்டி சுதந்திர நாடாயிற்று. பிரான்சின் புரட்சியைப் பிரான்சுக்குள் மட்டும் நின்று விளங்கிக்கொள்ள முடியாது என்பதே கூப்பர் அம்மையாரின் ஆய்வு தரும் பாடம் எனலாம். இதே கிளர்ச்சியைப் பற்றி சி. எல். ஆர். ஜேம்ஸ் எழுதிய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1938இல்தான்.

1925 மார்ச் 23ஆம் திகதி சோர்போனில் வாய்மொழிப் பரீட்சை நடைபெற்றது. பரீட்சகருள் ஒருவர் சமூகவியலறிஞர் பூக்லே. சமத்துவக் கருத்தை மேலை நாகரிகத்தின் விளைபொருளாகக் காட்டிய அவரது கொள்கையை, அவர் முன்னிலையிலேயே அம்மையார் மறுத்துரைத்தார். சமத்துவ வேட்கை எந்த ஓர் இனத்தின் தனிச்சொத்துமன்று, அது மனிதப் பிறவியோடு வருவது என்பது அவர் வாதம். அடிமையாகப் பிறந்தவரின் வாயிலிருந்து வந்த அவ்வாதத்துக்கு வேறு சான்று வேண்டுமா? பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் வாஷிங்டனின் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த வைபவத்திலே அது அவரிடம் கையளிக்கப்பட்டது.

பட்டம் பெற்ற மறுநாளும் அவர் ஆசிரியைதான். பின்னர், உழைத்துக்கொண்டே படிக்கும் வளர்ந்தோருக்கான கல்விநிலையமொன்றைத் தலைமையேற்று நடத்தினார். 1964இல், நூற்றைந்து வயதில் காலமானார். அவரது ஆய்வேடு ஆங்கிலத்தில் நூலாக வர 1988 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே பதிவு செய்த ஆய்வை இடைநடுவில் மூடிவைத்த ஆசிரியர்கள் எம்மிடையேயும் பலர் உளர். காலம் கடந்துவிட்டது என்று பெருமூச்செறியும் அவர்களுக்கு இந்த அம்மையாரின் வாழ்வைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டை ஒருமுறை தூசு தட்டிப் பிரித்துப் பாருங்கள் நேயர்களே.