அடங்கலும் பொக்லைனும்: ஒரு சுரங்க நிலத்தை எழுதும் விதம்

திறந்தவெளிச் சுரங்கம் வரப்போகும் எந்த இடத்துக்கும் ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை இருக்கும். அதில் 'நிலப் பயன்பாடு' என்று ஓர் அட்டவணை. பயிர் நிலம் இவ்வளவு, தரிசு இவ்வளவு, புதர்க்காடு இவ்வளவு. படிக்கும்போது நிலமே தன்னைப் பற்றிச் சொன்ன மாதிரி இருக்கும். ஆனா அந்தப் பெயர்களுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதைப் பார்க்க நெய்வேலியை விட நல்ல இடம் கிடையாது.

நெய்வேலிப் பகுதியில் 1930-களில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. 1956-இல் நிறுவனம், 1957-இல் சுரங்க வேலை, 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அன்றைக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை என்ற பேச்சே இல்லை. மத்திய அரசு அதைக் கட்டாயமாக்கியது 1994-இல்தான். அதனால் முதல் சுரங்கம் விழுங்கிய செம்மண் காட்டில் என்னென்ன செடி, கொடி இருந்தன என்பதற்கு அப்படியொரு பட்டியல் எழுதப்படவே இல்லை. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளில் பாலை, வீரை, காசான் எல்லாம் வளரும். கடலூர் மாவட்டத்தில் அவை இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் மிச்சம்.

இருந்த ஒரே எழுத்து வருவாய்த் துறைக் கணக்கு. ரயத்துவாரி முறை நிலத்தை நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு என்று பிரித்தது. கேள்வி ஒன்றே ஒன்று: வரி வருமா, வராதா? ஆடு மேய்கிற இடம், விறகு பொறுக்குகிற இடம், மூலிகை பறிக்கிற இடம் எல்லாம் அந்தக் கேள்விக்கு 'ஒண்ணுமில்லாத' இடங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஒன்பது வகைப் பிரிவும் இதே வழியில்தான் போனது. ஐந்து வருஷம் வரை பயிரிடாமல் கிடந்தால் தரிசு. அதைத் தாண்டினால் 'சாகுபடிக்குத் தகுந்த வீண் நிலம்'. மானாவாரிக்காரர் மழை பார்த்துக் காத்திருந்ததும், மண்ணுக்கு ஓய்வு கொடுத்ததும் இந்தக் கணக்கில் ஏறாது.

இன்றைய அறிக்கைகள் செயற்கைக்கோள் படத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. நல்லதுதான். ஆனா படம் எந்த மாதம் எடுத்தது? சித்திரையில் எடுத்தால் அறுவடை முடிஞ்ச புஞ்சை வெறும் மண்ணாகத்தான் தெரியும். கார்த்திகையில் எடுத்தால் அதே இடம் பச்சை.

இன்னொரு சிக்கல் எல்லைக்கோடு. நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தம் மிகுந்த ஊற்று நீர் இருக்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் குழிக்குள் வேலை நடக்கும். நீர்மட்டத்துக்கு வேலி கிடையாது. சுரங்கத்துக்குள் வராத ஊரின் போர்வெல்லும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதுதான்.

காகிதமும் நிலமும் நேருக்கு நேர் மோதிய நாளை 2023 ஜூலையில் பார்த்தோம். சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. காகிதப்படி அது பல வருஷம் முன்பே கையகப்படுத்திய நிலம். நிலத்தில் நின்றதோ பயிர். சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நிலம் யாருடையது என்பது ஒரு கேள்வி, அதில் என்ன உயிரோடு இருக்கிறது என்பது வேறொரு கேள்வி என்று அதற்கு அர்த்தம்.

அதே ஆண்டு ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று நிலக்கரிப் பகுதிகளும் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தமிழக அரசு முன்வைத்தது 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை. கவனிச்சீங்களா? காப்பாற்றியதும் ஒரு வகைப்பாடுதான். நெல் விளையும் டெல்டாவுக்கு அப்படி ஒரு பெயர் கிடைத்தது. முந்திரியும் பலாவும் நிற்கும் பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்கு அந்த அளவு வலுவான பெயர் இன்னும் இல்லை.

அதனால் அடுத்த முறை இப்படி ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் மூன்று விஷயம் பாருங்க. படம் எந்த மாதத்தது? ஐந்தாறு பசலி அடங்கலோடு ஒத்துப் பார்த்தார்களா? செடிகளின் பெயரை ஊர்க்காரர்களிடம் கேட்டார்களா? மூன்றும் இல்லையென்றால், 'தரிசு' என்று எழுதிய இடத்தில் யார் மாடு மேய்க்கிறார் என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். பதில் பதிவாகும்.