ஹார்டு டிஸ்க் பழுதானால் முதலில் கம்ப்யூட்டரை அணையுங்கள்



2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு 'உமீத்' இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃபு சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்றது. பள்ளிவாசல் அலுவலகங்களின் பழைய கம்ப்யூட்டர்களுக்கு அன்றுதான் திடீர் மவுசு வந்தது. பத்திரங்களின் ஸ்கேன், கடை வாடகை ஒப்பந்தம், சர்வே எண் பட்டியல் எல்லாம் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் மஹல்லாக்கள் நம் சேலம், நாமக்கல் பக்கம் குறைவல்ல. அந்த டிஸ்க் எழும்பவில்லை என்றால் அது முத்தவல்லியின் தனிப்பட்ட தலைவலி அல்ல, மஹல்லாவின் சொத்துப் பிரச்சினை.

வீடுகளிலும் இதே கதைதான். அத்தா மௌத்தாகும் முன் பேசிய வீடியோ, உம்ராவுக்குப் போன படங்கள், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையின் டேலி கணக்கு, நாமக்கல் லாரி பாடி பில்டிங் ஷெட்டின் பாக்கி விவரம் என எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான். கைமாற்றுக் கடனை எழுதி வையுங்கள் என்று சொல்லும் அல்பகரா 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம் என்பது நமக்குத் தெரியும். இன்று நாம் எழுதி வைக்கும் இடம் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். ஆகவே அது சாகக் கிடக்கும்போது என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டிஸ்க் எப்படிப் பழுதாகிறது?

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போல் மின்னும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தகவலைப் படிக்கும் சிறு முனை, அதாவது ஹெட், தட்டைத் தொடாமல் அதன் மேல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். ஒரு தூசு புகுந்தாலும், மேசையிலிருந்து ஒரு முறை கீழே விழுந்தாலும் ஹெட் தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த தகவல் தூளாகிப் போகும். அந்தத் தூளே அடுத்த சுற்றில் மற்ற இடங்களையும் கீறும்.

அறிகுறிகள் பெரும்பாலும் முன்கூட்டியே வரும். கம்ப்யூட்டர் ஆன் ஆக வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கும். நேற்று திறந்த ஃபைல் இன்று திறக்காது. 'டிக், டிக்' என்று சீரான சத்தம் வந்தால் ஹெட் தடுமாறுகிறது என்று பொருள். சன்னமான பீப் சத்தம் வந்தால் மோட்டார் சுழல முடியாமல் திணறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அதில் மஞ்சளாக 'காஷன்' என்றோ சிவப்பாக 'பேட்' என்றோ வந்தால் தள்ளிப் போடாதீர்கள். கூகுள் நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்றது அது. எந்த எச்சரிக்கையும் காட்டாமல் போன டிஸ்க்குகளும் அதே ஆய்வில் ஏராளம். பச்சை விளக்கைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

செய்யக் கூடாதவை

பழுதாகும் டிஸ்க்குக்கு மிச்சமிருப்பது சில மணி நேர ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை நகல் எடுப்பதற்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். நம்மவர்கள் அதை மற்ற எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டுக் கடைசியில்தான் நகலுக்கு வருகிறார்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது, ஆன்டிவைரஸ் ஓட்டுவது, விண்டோஸை மீண்டும் நிறுவுவது எல்லாம் அந்த ஆயுளைத் தின்னும்.

இதில் மோசமானது 'செக் டிஸ்க்'. கம்ப்யூட்டர் எழும்பும்போது தானாகவே டிஸ்க்கைச் சரிபார்க்கப் போவதாகச் சொல்லும். உடனே ஏதாவது ஒரு பட்டனைத் தட்டி அதைத் தவிர்க்க வேண்டும். அது ஃபைல்களின் அட்டவணையைச் சீர்செய்யும் கருவி, உங்கள் தகவலைக் காப்பாற்றும் கருவி அல்ல. பழுதான டிஸ்க்கில் ஓடவிட்டால் இருக்கும் ஃபைல்களையும் துண்டு துண்டாக்கிவிடும். அதேபோல் டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும் 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே பதில் சொல்லுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யூடியூப்பில் சொல்வார்கள். செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்து தட்டில் படியும். திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கைத் திறந்து பார்ப்பது அதைவிட மோசம். சேலத்துக் கோடைப் புழுதியில் திறந்த டிஸ்க்கின் கதை அன்றோடு முடிந்தது. இன்னொரு டிஸ்க்கின் சர்க்யூட் பலகையை எடுத்து மாட்டும் வித்தையும் இப்போது எளிதில் பலிப்பதில்லை. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள ஒரு சில்லில் இருக்கும். அதையும் எடுத்து மாற்றாவிட்டால் பயனில்லை.

ஆனால் இதையெல்லாம் பார்த்துப் பயப்படும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சத்தம் எதுவும் இல்லாமல் டிஸ்க் சும்மா தென்படவில்லை என்றால், பழுது பவர் கேபிளிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் யுஎஸ்பி கேபிளிலோ இருக்கலாம். சத்தம் வந்தால் இந்தச் சோதனையும் வேண்டாம்.

எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது?

செலவு செய்யும் முன் ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். நிலப் பத்திரத்தின் ஸ்கேன் போய்விட்டதா? பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். வில்லங்கச் சான்றும் பட்டாவும் இணையத்திலேயே கிடைக்கின்றன. பிள்ளைகளின் மதிப்பெண் சான்று பல டிஜிலாக்கரில் இருக்கும். தாக்கல் செய்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் அரசுத் தளத்தில் இருக்கும். நிக்காஹ் தஃப்தர் காகிதத்தில் இருந்தால் மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். படங்களில் பாதி வாட்ஸ்அப்பில் உறவினர்களிடம் இருக்கும். துபாயில் இருக்கும் மச்சானிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கும் திரும்பக் கிடைக்காதவை வேறு. எக்ஸலில் மட்டுமே வைத்திருந்த சந்தாக் கணக்கு, பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் வாங்கியவர்கள் எவ்வளவு திருப்பினார்கள், அடகாக வைத்த நகை யாருடையது என்ற விவரம், மௌத்தானவர்களின் குரல். இவற்றில் ஒன்று இருந்தாலும் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பைத்துல்மால் விவரம் அமானிதம். பொறுப்பில் இருப்பவர் 'கம்ப்யூட்டர் போய்விட்டது' என்று கைவிரிக்க முடியாது.

நகல் எடுக்கும் முறை

டிஸ்க் கம்ப்யூட்டரில் தென்படுகிறது, சத்தமும் இல்லை என்றால் வீட்டிலேயே முயலலாம். தகவல் அதிகமில்லை என்றால் முக்கியமான ஃபோல்டரை முதலில் எடுத்துவிடுங்கள். சினிமாவும் மென்பொருள்களும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

சரியான வழி, ஃபைல் ஃபைலாக எடுக்காமல் டிஸ்க் முழுவதையும் அப்படியே பிம்பமாக இன்னொரு டிஸ்க்குக்கு எடுப்பதுதான். லினக்ஸில் இயங்கும் 'டிடி ரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவி இதற்காகவே உருவானது. படிக்க முடிகிற பகுதிகளை முதல் சுற்றில் வேகமாக எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டுப் பிறகு திரும்ப வரும். எங்கே நின்றது என்பதை ஒரு வரைபட ஃபைலில் குறித்துக்கொள்வதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோடை மழையில் மின்சாரம் வந்து வந்து போகும் நம் ஊரில் இது பெரிய வசதி. யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. நகல் விழும் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. மூலம் எது, நகல் எது என்பதை இருமுறை பாருங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் தகவலின் மேல் எழுதப்பட்டுவிடும். வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பிம்பம் கைக்கு வந்த பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடலாம். மீட்பு வேலையெல்லாம் இனி நகலில்தான். டெஸ்ட் டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இலவச மென்பொருள்கள் இதற்கு உதவும். ஃபோட்டோரெக் படங்களை எடுத்துத் தரும், ஆனால் ஃபைல் பெயர்கள் போய் வெறும் எண்களாக வரும். ஆயிரம் படங்களைப் பிரித்து அடுக்கும் பொறுமை வேண்டும்.

சமீபத்திய லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். அதன் 48 இலக்கச் சாவி இல்லாமல் பிம்பத்தால் பயனில்லை. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எஸ்எஸ்டி என்றால் விஷயம் வேறு. சத்தமே போடாமல் ஒரு நாள் நின்றுவிடும். அழித்த ஃபைலை அதில் மீட்பதும் பெரும்பாலும் நடக்காது, அழித்த இடத்தை அதுவே சுத்தம் செய்துவிடும்.

கடையில் கொடுக்கும்போது

டிஸ்க்கில் சத்தம் வந்தால் தெருமுனை சர்வீஸ் கடைக்கு வேலை இல்லை. தூசு வடிகட்டிய அறையில் ஹெட் மாற்றும் ஆய்வகம்தான் வேண்டும். சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் அவை இருக்கின்றன. கூரியரில் அனுப்புவதைவிட யாராவது கையில் எடுத்துப் போவது நல்லது. செலவு ஆயிரங்களில் ஆகும். தகவல் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, இல்லையா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கிறதே என்று நிறுவனத்திடம் மாற்றிக் கேட்டால் புது டிஸ்க் தருவார்கள், உள்ளே இருந்ததைத் தர மாட்டார்கள்.

ஆய்வகத்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு ஒரு உதாரணம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் வானில் சிதறியபோது அதிலிருந்த ஒரு ஹார்டு டிஸ்க் டெக்சாஸ் மண்ணில் கருகிய நிலையில் கிடைத்தது. அதிலிருந்து 99 சதவீதத் தகவலை மீட்டார்கள். அதிலிருந்த ஆராய்ச்சி முடிவு 2008-இல் வெளியானது. அங்கே யாரும் டிஸ்க்கைத் திறந்து பார்த்து, செக் டிஸ்க் ஓட்டிவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை.

நம் குடும்பங்களுக்கு இன்னொரு கவலை உண்டு. வீட்டுப் பெண்களின் படங்கள் டிஸ்க்கில் இருக்கும்போது முன்பின் தெரியாத கடையில் எப்படிக் கொடுப்பது? இந்தத் தயக்கத்தால் டிஸ்க்கை அலமாரியில் போட்டு மூடும் வீடுகள் உண்டு. தயக்கம் நியாயமானது, அதற்கு வழியும் உண்டு. மென்பொருளால் தீரும் பழுது என்றால் வேலையை உங்கள் முன்னால், உங்கள் டிஸ்க்குக்கே நகலெடுத்துச் செய்யச் சொல்லுங்கள். ஆய்வகம் என்றால் ரகசியம் காப்பதாக எழுத்து ஒப்பந்தம் கேளுங்கள், வேலை முடிந்ததும் தங்களிடமுள்ள நகலை அழித்ததற்கு உறுதி வாங்குங்கள். எந்த ஃபோல்டர் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் மற்றவற்றைத் திறந்து பார்க்கும் தேவையும் குறையும்.

மீட்ட பிறகு

மீட்ட பழைய தமிழ் ஃபைல் கிறுக்கலாகத் தெரிந்தால் பதறாதீர்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். உர்து நோட்டீஸ்களை இன்பேஜில் அடித்து வைத்திருந்தால் அந்த மென்பொருளும் வேண்டும். டேலி கணக்கு 'மை டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில் இல்லாமல் தனி டேட்டா ஃபோல்டரில் இருப்பது வழக்கம். மீட்பவரிடம் அதைச் சொல்லாவிட்டால் விட்டுப் போகும்.

பிறகு மூன்று நகல் வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் அல்லது கிளவுடில். ஜமாஅத் என்றால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அலுவலகத்திலேயே வைக்காமல் நிர்வாகி ஒருவர் வீட்டில் வைக்கலாம். மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போதே அந்த டிஸ்க்கையும் கொண்டுவரச் சொல்லி, ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்கைப் பேரீச்சம்பழக்காரரிடமோ இரும்புக் கடையிலோ போடாதீர்கள். செத்த டிஸ்க் என்று நாம் நினைப்பதிலிருந்தும் படங்களை எடுக்க முடியும் என்பதை மேலே பார்த்தோம். தகவல் முழுவதும் கைக்கு வந்துவிட்டது என்று உறுதியான பின், தட்டுகளில் டிரில்லிங் மெஷினால் நாலைந்து இடத்தில் துளையிட்டுவிட்டுப் போடுங்கள். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, சில்லு தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.