ஆற்றுநீரும் உடைமையும்

கோடை மாலையில் நீர்ப்பரப்பில் எழும் பூச்சிகளை உண்ண ட்ரவுட் மீன் மேலே வரும். அப்பூச்சியின் வடிவில் இறகும் பட்டுநூலும் சுற்றிய தூண்டிலால் அதனைப் பிடிப்பது ஆங்கிலேயர் போற்றும் பொழுதுபோக்கு. 1653இல் ஐசக் வால்டன் வெளியிட்ட தூண்டில் நூல் அமைதி வாழ்வின் இலக்கியமாயிற்று. ஆயின் அவ்வமைதி எவருக்கு உரியதாயிருந்தது?

விடையை ஹாம்ஷயர் மாவட்டத்திற் காணலாம். அங்கும் வின்ட்சர்க் காட்டிலும் முகத்திற் கரிபூசி மானும் மீனும் கவர்ந்தோரை ஒடுக்கவே 1723இல் ‘கறுப்புச் சட்டம்’ பிறந்தது. மாறுவேடமும் ஆயுதமும் தரித்து மீன் திருடியவனுக்கும், மீன்குளத்தின் அணையை உடைத்தவனுக்கும் அது தூக்குக்கயிற்றை விதித்தது. ஏழைக்கு உணவாகிய மீன், செல்வர்க்கு உடைமையாயிற்று.

அச்சட்டத்தின் பெரும்பகுதி 1823இல் நீங்கியது. அதற்கு முந்திய ஆண்டே அம்மாவட்டத்தின் டெஸ்ட் ஆற்றங்கரையில், கனவான்களின் ஹவுற்றன் தூண்டிற் கழகம் தோன்றிவிட்டது. கயிறு மறைந்தது, வேலி மறையவில்லை. அலையேற்றம் எட்டாத ஆற்றிலே மீன்பிடி உரிமை பொதுவாகக் கரைநிலச் சொந்தக்காரனையே சாரும் என்பது ஆங்கிலச் சட்டம். மலைவெளிகளிலும் தரிசுகளிலும் மக்கள் உலாவ உரிமை தந்த 2000ஆம் ஆண்டுச் சட்டமும் ஆறுகளைத் திறந்துவிடவில்லை.

கலையைப் பழிப்பது நம் நோக்கமன்று. பூச்சியின் பருவமும் நீரின் போக்கும் அறிந்து தூண்டில் வீசுவது நுண்ணிய அறிவே. அவ்வறிவு பயிலும் கரை மக்கள் அனைவருக்கும் பொதுவாதல் வேண்டும் என்பதே நம் வழக்கு.